செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய ரைஃபிளுக்கு விலை மதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு வீட்டுப் பெரியவர் காலமானதும் அவர் பொருள்களைப் பட்டியலிட்டு விலை மதிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அடிக்கடி கையில் வருவது ஒரே மாதிரியான ஒரு பொருள்: ஒரு வேட்டை ரைஃபிள், அதன் மரக் கட்டை முழுக்க ஓக் இலையும் மான் தலையும், இரும்பில் கொடிக்கோலம், எங்காவது ஒரு தங்க இழை. குடும்பத்தார் கேட்பதும் ஒரே கேள்விதான்: "அப்பா இதற்கு அப்போதே எவ்வளவோ செலவழித்தார். இப்போது எவ்வளவு போகும்?"

பழைய நகையை விற்கப் போனவர்களுக்கு இதன் பதில் பாதி தெரியும். கடைக்காரர் எடை போடுவார், கல்லைக் கழிப்பார், செய்கூலி என்ற பேச்சையே எடுக்க மாட்டார். செதுக்கிய ரைஃபிளும் பெரும்பாலும் அப்படித்தான். அந்தக் கைவேலை யாருடையது என்று காட்ட முடிந்தால்தான் செய்கூலி திரும்பி வரும்; சில நேரம் பல மடங்காகவும் வரும். காட்ட முடியாவிட்டால் அடிப்படைத் துப்பாக்கியின் விலைதான். சில சமயம் அதற்கும் கீழே.

19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1960கள் வரை செய்யப்பட்ட, அமெரிக்கச் சந்தையில் விற்கப்படும் ரைஃபிள்களுக்கே இந்த வழிகாட்டி. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். புதியவர்கள் தவறுவதில் பெரும்பகுதி வரிசை தவறுவதால்தான்.

1. தொட உங்களுக்கு உரிமை உண்டா, துப்பாக்கி காலியா

முதல் கேள்வி சட்டம் பற்றியது. அமெரிக்காவில் எச்1பி, மாணவர் விசா போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. நம்மவர்கள் பலர் இதை அறியாமலே நண்பர் வீட்டில் துப்பாக்கியை வாங்கிப் பார்க்கிறார்கள். உங்கள் நிலை என்னவென்று தெரிந்துகொண்டு தொடுங்கள்.

அப்புறம், துப்பாக்கி காலியா என்று பார்க்க வேண்டும். குழல் முனையை ஆளில்லாத திசையில் வைத்து, போல்ட்டையோ (அறையை மூடும் இரும்பு உருளை) லீவரையோ (கீழே இழுக்கும் நெம்புகோல்) திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணால் பார்த்து விரலாலும் தடவுங்கள். பழைய லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இருக்கும் நீளக் குழாயில் படுத்திருக்கும். அறை காலியாக இருந்தாலும் அங்கே ஒன்று தங்கியிருக்கலாம். அந்தக் குழாயையும் சரிபார்த்த பிறகுதான் மேசையில் வைக்க வேண்டும். தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் வையுங்கள்.

சுட்டுப் பார்த்து மதிப்பிட நினைக்காதீர்கள். காரணம் மூன்றாம் படியில் வருகிறது.

2. மேசையில் என்னென்ன வேண்டும்

நகைக்கடையில் வைத்திருக்கும், 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (உருப்பெருக்கி), சாய்த்துப் பிடிக்க ஒரு சின்ன டார்ச், குழலுக்குள் பார்க்க ஒரு விளக்கு, அங்குல அளவுகோல், மென்மையான துணி, கேமரா, நோட்டு. கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். பருத்திக் கையுறை வழுக்கும், செதுக்கின் விளிம்பில் நூல் மாட்டும்.

பித்தளை பாலிஷ், எஃகுக் கம்பளி, உப்புத்தாள் எதுவும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. "கொஞ்சம் துடைத்துக் காட்டினால் நல்ல விலை வருமே" என்று குடும்பத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு பளபளப்பாக்கி எடுத்துவந்த துப்பாக்கிகளைப் பார்க்கும்போது மனசு கனத்துப் போகும். அந்தப் பளபளப்போடு சேர்ந்து போவது மூல மேற்பூச்சு. அதைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

திருகுகளைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் தொடாதீர்கள். அதன் முனை ஆப்பு போல் சரிந்திருப்பதால் திருகின் பள்ளத்தைக் கிழித்துவிடும். துப்பாக்கி வேலைக்கென்றே இணையான முகத்தோடு தீட்டிய முனைகள் கிடைக்கின்றன. அவை இல்லையென்றால் கழற்றாமலே மதிப்பிடுங்கள்.

3. வேலைப்பாட்டைத் துணியால் மூடிவிட்டு அடிப்படையைப் படியுங்கள்

இதைச் சொன்னால் புதியவர்கள் சிரிப்பார்கள். நான் உண்மையாகவே துணி போட்டு மூடுவேன். மான் தலையைப் பார்த்த கண், அதற்குப் பிறகு ரிசீவரில், அதாவது குழல் பொருந்தும் நடு இரும்புப் பகுதியில், உள்ள எண்ணை நிதானமாகப் படிப்பதில்லை.

முதலில் தயாரிப்பாளர், மாடல், தொடர் எண், தோட்டா அளவு. இந்த நான்கையும் எழுதி, வேலைப்பாடே இல்லாமல் இதே துப்பாக்கி இதே நிலையில் என்ன விலைக்குப் போகும் என்று ஒரு தொகையை முதலில் குறித்துவிடுங்கள். இதுதான் தங்கத்தின் எடை.

அடிக்கடி வருபவை மூன்று வகை. ஒன்று, மௌசர் 98 என்ற ஜெர்மன் ராணுவ ரைஃபிளை எடுத்து வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுவந்தவற்றில் இவை ஏராளம். இப்படி மாற்றியவை சாதாரணமாகச் சில நூறு டாலர்தான் பெறும்.

அடுத்தது வின்செஸ்டர் மாடல் 70. 1964இல் இதன் வடிவமைப்பை நிறுவனம் மாற்றியது. அதற்கு முன்பு, அதாவது 1936 முதல் 1963 வரை செய்தவற்றைத் தனியாகவே தேடி வாங்குகிறார்கள். ஆகவே தொடர் எண்ணை வைத்து ஆண்டைக் கண்டுபிடிப்பது கட்டாயம்.

மூன்றாவது, பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிளான ஸ்ப்ரிங்ஃபீல்ட் 1903. அழகான பழைய வேட்டை ரைஃபிள்கள் பல இதன்மேல் கட்டப்பட்டவை. ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் 8,00,000க்குக் கீழும், ராக் ஐலண்ட் ஆயுதசாலையில் 2,85,507க்குக் கீழும் எண் உள்ள ரிசீவர்களில் வெப்பப் பதப்படுத்தல் சீராக இல்லை. உலோகம் நொறுங்கும் ஆபத்து உண்டு. மேலே எவ்வளவு நேர்த்தியான செதுக்கு இருந்தாலும் "சுடத் தகாதது" என்று எழுதி, பார்வைப் பொருளாகவே மதிப்பிட வேண்டும். முதல் படியில் சுட்டுப் பார்க்காதீர்கள் என்றது இதனால்தான்.

தோட்டா அளவும் முக்கியம். .30-06, .270 போன்றவை எந்தக் கடையிலும் கிடைக்கும். யாரோ ஒருவர் தன் விருப்பத்துக்கு அறையைக் குடைந்து உருவாக்கிய அளவென்றால் வாங்குபவர் தோட்டாவையும் தானே செய்துகொள்ள வேண்டும். விலை இறங்கும். குழலில் பொறித்த அளவும் உள்ளே குடைந்த அளவும் ஒன்றுதானா என்பதைத் துப்பாக்கி மெக்கானிக் அச்சு எடுத்துச் சொல்ல வேண்டும். பொறிப்பை மட்டும் நம்பி எழுதாதீர்கள்.

4. செதுக்கு எப்போது வந்தது

இப்போது துணியை எடுக்கலாம். இந்த மதிப்பீட்டின் நடுநாயகம் இந்தப் படி. மூன்று விடைகளில் ஒன்றுதான் வரும்: தொழிற்சாலையிலேயே செதுக்கியது; ஒரு நல்ல பட்டறை ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டுக் கட்டியது; பின்னாளில் உரிமையாளர் யாரிடமோ கொடுத்துச் செதுக்க வைத்தது. மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கலாம். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதல் அடையாளம், முத்திரைகள். தயாரிப்பாளர் பெயரையோ குழல் சோதனையில் தேறியதற்கான முத்திரையையோ கொடிக்கோலம் குறுக்கே வெட்டிச் சென்றால் செதுக்கு பின்னால் வந்தது. முன்பே திட்டமிட்டவர் எழுத்துக்கு இடம் விட்டு வளைந்திருப்பார்.

அடுத்து வெட்டுக்குள் இருக்கும் நிறம். ப்ளூயிங் எனப்படும் கருநீலப் பூச்சு பொதுவாகச் செதுக்கிய பிறகுதான் போடப்படும். வெட்டின் அடியில் வெறும் எஃகு மின்னினால் பூச்சுக்குப் பிறகு உளி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் தேய்மானம். ரைஃபிளை ஒரு கையால் தூக்கினால் எடை சமமாகும் இடத்தில், தோட்டாப் பெட்டியின் அடியை மூடும் அடித்தகட்டருகே விரல்கள் பிடிக்கும். அங்கே பூச்சு தேய்ந்து வெள்ளிபோல் ஆகியிருக்கும். அதே இடத்தில் செதுக்கின் மேடுகளும் மழுங்கியிருக்க வேண்டும். பூச்சுக்கு எழுபது வயது, செதுக்குக்கு ஏழு வயது என்று தோன்றினால் தோன்றுவதை நம்புங்கள்.

ஜெர்மன் குழல்களில் சோதனை செய்த மாதமும் ஆண்டும் சின்ன எண்களாகப் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. கட்டையைக் கழற்றினால்தான் பல நேரம் தெரியும். "தாத்தா 1920இல் வாங்கியது" என்ற கதைக்கும் குழலில் உள்ள தேதிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

பழைய வின்செஸ்டர் லீவர் ரைஃபிள் என்றால் வயோமிங் மாநிலம் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். தொழிற்சாலைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கடிதமாகத் தருவார்கள். எல்லா மாடல்களுக்கும் எண்களுக்கும் பதிவேடு எஞ்சவில்லை. பணம் கட்டும் முன் உங்கள் எண் அதில் வருகிறதா என்று பாருங்கள். கடிதத்தில் செதுக்கு பற்றிப் பேச்சே இல்லை, கையில் இருக்கும் துப்பாக்கியிலோ மேலிருந்து கீழ்வரை செதுக்கு என்றால், தொழிற்சாலைச் செதுக்கு என்று எழுதக் கூடாது. சேகரிப்பாளர் வெறுமையாகவே விரும்பும் மாடலில் பின்னாளைய செதுக்கு ஒரு சேதம். கூட்ட வேண்டிய இடத்தில் கழிக்க வேண்டிவரும்.

5. உலோகத்தை லூப்பில் பார்த்தல்

டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், கிட்டத்தட்ட உலோகத்தோடு படுத்தபடி பிடியுங்கள். நிழல் விழுந்தால்தான் ஆழம் தெரியும்.

கையால் வெட்டிய கோடு வாய்க்கால் போல இருக்கும்: இரண்டு சரிவும் பளிச்சென்று மின்னும், நடுவில் அகன்று முனையில் ஊசியாகி மறையும். சுத்தியலும் உளியும் கொண்டு வெட்டியதில் வளைவின் ஓரத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நுண்ணிய முகப்பு தெரியும். அந்தத் தட்டல்களைக் கண்ணால் எண்ணிக்கொண்டே போகலாம். செதுக்கியவரின் மூச்சு கேட்பது போல இருக்கும். உருளை அச்சில் அழுத்தியதென்றால் கோடு முழுக்க ஒரே ஆழம், ஒரே வடிவம். அமிலத்தில் அரித்ததன் அடிப்பகுதி சொரசொரப்பாக மங்கியிருக்கும். லேசர் என்றால் அடியில் நெருக்கமான இணைகோடுகள் தெரியும்.

கைவேலை என்று உறுதியானால் தரம் பார்க்க வேண்டும். எல்லோரும் நேராக விலங்கைப் பார்ப்பார்கள். நான் முதலில் எழுத்தையும் ஓரக்கோட்டையும் பார்ப்பேன். கொடியில் கை கொஞ்சம் தவறினால் அதை ஓர் இலையாக மாற்றிவிடலாம். எழுத்திலும் இணைகோட்டிலும் ஒளிக்க இடமில்லை. எழுத்துகளின் இடைவெளி சமமாகவும் ஓரக்கோடு திருகுத் துளையைச் சுற்றி நடுங்காமலும் போயிருந்தால் அது பயிற்சி பெற்ற கை. அதன் பிறகு விலங்கு: கண், குளம்பு, முழங்கால் மடிப்பு. மூக்கு சரியில்லாத மானை அதற்குப் பின்னால் உள்ள மலைக்காட்சி காப்பாற்றாது.

திருகுகளின் பள்ளங்கள் எல்லாம் குழலின் திசையிலேயே நிற்கின்றனவா என்றும் பாருங்கள். நல்ல பட்டறைகள் அதற்காகவே மெனக்கெடும். அவற்றில் ஒன்று மட்டும் திசை மாறியிருந்தால் யாரோ பின்னாளில் திறந்திருக்கிறார்கள், அல்லது திருகை மாற்றியிருக்கிறார்கள்.

தங்கத்தில் ஒரு குழப்பம் வரும். பதித்த தங்கத்துக்கு லூப்பில் ஒரு தெளிவான விளிம்பு உண்டு, அதன்மேலும் செதுக்கியிருப்பார்கள். முலாம் என்றால் மேடுகளில் தேய்ந்து எஃகு எட்டிப்பார்க்கும். இரண்டையும் ஒரே விலையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

6. மரத்தைப் படித்தல்

பிடிக்கும் இடத்தில் உள்ள வைரக்கட்டுக் கோடுகளை, அதாவது செக்கரிங்கை, அளவுகோல் வைத்து எண்ணுங்கள். ஓர் அங்குலத்தில் 18, 20 கோடு என்றால் சாதாரணத் தொழிற்சாலை வேலை. 24க்கு மேல் கையால் சீராக வெட்டியிருந்தால் திறமையான ஆள். ஒவ்வொரு வைரமும் கூராக நிற்க வேண்டும், கோடு எல்லையைத் தாண்டி ஓடியிருக்கக் கூடாது. 1964இல் மாற்றிய வின்செஸ்டர் மாடல் 70இல் வந்தது வெட்டியதல்ல, சூட்டில் அழுத்தியது. அதில் வைரங்கள் மேடாக நிற்பதற்குப் பதில் பள்ளமாக இருக்கும்.

உருவச் செதுக்கில் பின்புலத்தைப் பாருங்கள். இலைக்கும் இலைக்கும் இடையில் உள்ள தளம் ஒரே மட்டமாக இருப்பது கடினமான வேலை. சரிவராதபோது புள்ளி புள்ளியாகக் குத்தி மறைப்பார்கள். நல்ல ஆளும் புள்ளி குத்துவார், ஆனால் அடித்தளம் மட்டமாக இருக்கும். இலையின் ஓரத்துக்கு அடியில் உளி உள்ளே புகுந்து வெட்டியிருந்தால் இலை கட்டையிலிருந்து எழுந்து நிற்பது போலிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த செதுக்கு சோப்பில் செய்தது போல வழவழவென்று இருக்கும்.

அதைவிட முக்கியம் மரமும் இரும்பும் சந்திக்கும் கோடு. நல்ல வேலையில் ஒரு தாள் நுழையாது. ரிசீவரின் வால்பகுதிக்குப் பின்னால் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச்சை இருபுறமும் சாய்த்துப் பாருங்கள். உதைப்பு அங்கேதான் இறங்கும். எண்ணெய் ஊறிக் கறுத்த மரத்தில் வெடிப்பு எளிதில் தெரியாது.

சரியான ஸ்க்ரூடிரைவர் முனை இருந்தால் கட்டையின் பின்தகட்டைக் கழற்றுங்கள். ஒருமுறை ஒரு மௌசரில் அப்படிக் கழற்றியபோது, செதுக்கப்படாத வெளிறிய வால்நட் மரத்தில் பென்சிலால் ஓர் எண்ணும் இரண்டு எழுத்தும் இருந்தன. அந்த எண் துப்பாக்கியின் தொடர் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். கட்டையும் இரும்பும் ஆரம்பத்திலிருந்தே ஜோடி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. வெளியே இருந்த மான் தலை அதைச் சொல்லவில்லை.

ரசனை பற்றியும் ஒரு சொல். 1950களிலும் 60களிலும் மின்னும் மேற்பூச்சும், வெள்ளைப் பட்டையும், ஆழமான செதுக்கும் விரும்பப்பட்டன. இப்போது வாங்குபவர்களில் பெரும்பாலோர் நேரான கோடுகளையும் எண்ணெய் தேய்த்த மரத்தையும் தேடுகிறார்கள். ஆகவே 1964க்கு முந்தைய மாடல் 70இன் மூலக் கட்டையில் பெயர் தெரியாத ஒருவர் செதுக்கியிருந்தால் விலை குறையும். அப்படி ஒன்று இருந்த வீட்டில் பரணில் தேடச் சொன்னேன். செதுக்கியது தனியாக வாங்கிய கட்டை என்பதும், தொழிற்சாலைக் கட்டை பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்ததும் தெரிந்தது. மதிப்பீடு அன்றைக்கே மாறியது. எப்போதும் கேளுங்கள்: "பழைய கட்டை எங்கே?"

7. பெயரைத் தேடுதல்

கையெழுத்து பளிச்சென்று இருக்காது. ட்ரிக்கருக்குப் பின்னால் உள்ள கீழ்த்தகடு, அடித்தகட்டின் உட்புறம், கொடியின் சுருளுக்குள், விலங்கின் காலடிப் புல்லில் தேடுங்கள். வின்செஸ்டரில் உல்ரிக் குடும்பத்தார் பல பத்தாண்டுகள் செதுக்கினார்கள்; அவர்கள் பெயருள்ள வேலைக்குத் தனிச் சந்தை. ஆஸ்திரியாவின் ஃபெர்லாக் ஊரிலிருந்து வந்து அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பட்டறை வைத்த ருடால்ஃப் கோர்ன்பிராத், நியூயார்க்கில் 1923இல் தொடங்கிய துப்பாக்கி நிறுவனம் கிரிஃபின் அண்ட் ஹவ், அந்நிறுவனத்துக்குச் செதுக்கிய ஜோசப் ஃபுகர் ஆகியோரும் அப்படித்தான். கிரிஃபின் அண்ட் ஹவ் தன் ரைஃபிள்களுக்குத் தனி எண் இட்டது. குழலில் அந்த எண் இருந்தால் நிறுவனத்திடமே விசாரிக்கலாம்.

பெயர் இல்லையென்றால் "இன்னாருடைய பாணியில்" என்று மட்டும் எழுதுங்கள். "இன்னார் செய்தது" என்று எழுதினால் அதற்கு நீங்கள் பொறுப்பு. பழைய ரசீது, கடிதம், செதுக்கியவர் அனுப்பிய மாதிரி வரைபடம், தொடர் எண் தெரியும் புகைப்படம் எதுவானாலும் துப்பாக்கியோடு சேர்த்துப் படமெடுங்கள். வாய்மொழிக் கதைக்கு விலை கிடையாது. ஆனால் எழுதி வையுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ரசீதைக் கண்டுபிடிக்க முடியும். உரிமையாளரின் பெயரெழுத்து பொறித்திருந்தால், அவர் அறியப்பட்டவராக இல்லாத பட்சத்தில் கொஞ்சம் கழியுங்கள்.

8. நிலை

மறுபடி பூச்சு போட்டதா என்பதை முத்திரை எழுத்துகளின் ஓரம் காட்டிக்கொடுக்கும். மெருகுச் சக்கரத்தில் பிடித்திருந்தால் எழுத்து ஆழமிழந்து, திருகுத் துளைகள் புனல் போல் சரிந்து, தட்டையான இடங்களின் கூர் விளிம்பு உருண்டிருக்கும். செதுக்கின் மெல்லிய நிழல்கோடுகள்தான் முதலில் அழியும். பெரிய கோடுகள் மட்டும் மிஞ்சினால் கொடி மொட்டையாகத் தெரியும்.

பின்னாளில் தொலைநோக்கி மாட்டத் துளைத்திருந்தால், அந்தத் துளை செதுக்கின் நடுவே விழுந்திருந்தால் பெரிய கழிவு. குழலின் உட்புறம் அரித்திருந்தாலும் கழிவுதான். ஆனால் பெயர்பெற்ற செதுக்குள்ள துப்பாக்கியில் அது அவ்வளவு பாதிக்காது.

9. விற்க முடியுமா

தந்தம் பதித்திருந்தால் நின்று யோசியுங்கள். 2016 ஜூலை முதல் அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் ஆப்பிரிக்க யானைத் தந்த விற்பனையைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுக்கின்றன. 200 கிராமுக்குக் குறைவான தந்தமுள்ள பழைய பொருள்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி ஆகியவற்றின் மாநிலச் சட்டம் இன்னும் கடுமை.

1898 வரை செய்யப்பட்டவை கூட்டாட்சிச் சட்டத்தில் தொன்மையானவை. அவற்றின் விற்பனை எளிது. துப்பாக்கிக்கு ஐம்பது வயதானால் சேகரிப்பாளர் உரிமத்தில் வாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வயதால் மட்டும் அந்தத் தகுதி வர வேண்டுமென்றால் துப்பாக்கி மூல வடிவில் இருக்க வேண்டும். கட்டையும் குழலும் மாற்றிய ரைஃபிளுக்கு அது பொருந்தாமல் போகலாம்.

10. தொகை போடுதல்

இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏலங்களில் விற்று முடிந்த விலையை மட்டும் எடுங்கள். அதிலும் சுத்தியல் விழுந்த விலையா, வாங்குபவர் கட்டணம் சேர்த்ததா என்று பிரித்துப் பாருங்கள். கட்டணம் பெரும்பாலும் 15 முதல் 25% வரை இருக்கும். விற்பவரிடமும் தரகு பிடிப்பார்கள்.

கணக்குக்காக ஒரு மௌசர் எடுத்துக்கொள்வோம். அடிப்படை 500 டாலர். கட்டையும் இரும்பும் ஆரம்பத்திலிருந்தே ஜோடி, நல்ல கைச்செதுக்கு, பெயர் இல்லை: 700 கூட்டலாம். வால்பகுதி வெடிப்புக்கு 250 கழிவு. 950. இதே வேலையில் உறுதியான கையெழுத்து இருந்தால் இந்தக் கூட்டல் கழித்தலை விட்டுவிட்டு, அந்தச் செதுக்குநரின் விற்ற துப்பாக்கிகளோடு மட்டும் ஒப்பிட வேண்டும். அங்கே 500 டாலர் மௌசர் என்பது வெறும் பலகை, படம்தான் சரக்கு.

ஒரே துப்பாக்கிக்கு மூன்று தொகை உண்டு: அதேபோல் ஒன்றைத் திரும்பச் செய்யும் காப்பீட்டு மதிப்பு, அவசரமில்லாத இருவர் ஒத்துக்கொள்ளும் சந்தை மதிப்பு, வியாபாரி இன்றே கையில் தரும் விலை. முதலாவது பெரும்பாலும் பெரியது. சொத்தைப் பங்கு பிரிக்கும் குடும்பத்திடம் காப்பீட்டு மதிப்பைச் சொல்லி அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்ததைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். எந்தத் தொகை, எதற்காக, எந்தத் தேதியில் என்று மூன்றையும் தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அந்தத் தாளையும் கடிதங்களையும் படங்களையும் துப்பாக்கியோடு வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். திருடுபோனால் இரண்டும் சேர்ந்து போகும். துப்பாக்கியைத் தோல் உறையில் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், துரு முதலில் செதுக்கின் பள்ளங்களில்தான் பிடிக்கும்.